பிச்சமுத்துவின் புதன்கிழமைப் புட்டி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் நின்றவன் நான். எதை எரித்தால் எவ்வளவு மிஞ்சும், எவ்வளவு பறக்கும் என்று தராசு வைத்துச் சொல்கிறவன். அப்படிப்பட்டவன் பிச்சமுத்துவைப் பற்றி எழுத உட்கார்ந்து, இரண்டு நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

பிச்சமுத்து முக்கொம்பில் லஸ்கர். மேலணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஆறு அங்கே காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. காவிரியில் விடுகிற தண்ணீர் தஞ்சாவூர் வயல்களில் பரவிப் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துபோகும். வெள்ளத்தின் மிச்சமெல்லாம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகும். வயலுக்கு இது, கடலுக்கு அது என்று இருபது வருஷம் தண்ணீரைப் பிரித்து அனுப்பியவர், கடலைப் பார்த்ததே கிடையாது.

ஐம்பத்தெட்டில் நான் திருச்சியில் ஒரு காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டர். ஆறு எவ்வளவு கரியை, அதாவது கார்பனை, கடலுக்குச் சுமந்து போகிறது என்று அளந்தே தீருவது என்ற கிறுக்கு எனக்குப் பிடித்திருந்தது. இலை, சருகு, சாணம், செத்த மீன், சுடுகாட்டு மிச்சம், எல்லாவற்றிலும் கரி இருக்கிறது. பிச்சமுத்து புதன்கிழமை தோறும், ஆறு பிரிவதற்கு முன்னால் உள்ள மடுவில், அகல வாய்ப் புட்டியைக் கயிறு கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்து பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். நான் அதை வடிகட்டிக் காயவைத்து நிறுப்பேன். பிறகு உலையில் வைத்து வெள்ளைச் சாம்பலாகும் வரை எரித்து மறுபடி நிறுப்பேன். குறைந்த எடையிலிருந்து கரி எவ்வளவு என்று கணக்குப் போடுவேன். ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததெல்லாம் அந்தக் குறைவுக்குள் அடக்கம்.

அவர் மனைவி வள்ளிக்கண்ணு வாயாடி. நான் போகிற நாளெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் ஷட்டர் மேடை நிழலில் தாயம் ஆடிக்கொண்டிருப்பார்கள். நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளை தெரிய வைத்திருந்தாள். அவற்றைத்தான் உருட்டுவார்கள். மனுஷர் ஒரு நாளும் ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை.

"இவ்வளவு தண்ணிய அனுப்புறீங்களே, என்னைய ஒரு தடவ கடலுக்கு அனுப்பக் கூடாதா?" என்பாள்.

"அடுத்த வருஷம் ரெண்டு பேருமா போவோம்" என்பார் அவர். வெள்ள காலத்தில் லீவு கிடையாது. கோடையில் ஷட்டருக்கு எண்ணெய் போடும் வேலை வந்துவிடும்.

அறுபத்தொன்று ஆனியில் அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. திருச்சிக்குக் கொண்டு வந்த மூன்றாம் நாள் போய்விட்டாள். கடைசியில் ஜுர வேகத்தில் கடல், கடல் என்று பிதற்றினாளாம். "நீங்க வராம நான் மட்டும் போக மாட்டேன்" என்றாளாம். திருச்சியிலேயே, ஓயாமரிச் சுடுகாட்டில் சிதை மூட்டும் முன் அவள் கையில் அந்த நான்கு கொட்டைகளையும் வைத்து மூடினார் பிச்சமுத்து. மறுநாள் பால் தெளித்து, சாம்பலும் கரியுமாக அள்ளி, எல்லோரும் செய்வதுபோலக் காவிரியில் கரைத்தார்கள். முக்கொம்பு அங்கிருந்து மேற்கே பதினோரு மைல். தண்ணீர் முக்கொம்பிலிருந்து ஓயாமரிக்கு வருமே தவிர, ஓயாமரியிலிருந்து முக்கொம்புக்குப் போகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து வந்த புட்டியை வடிகட்டினேன். வடிதாளில் கரிந்த புளியங்கொட்டை ஒன்று நின்றது. ஒரு பக்கம் தட்டை. சமையல் கையோடு புட்டியைத் தொட்டிருக்கிறார் என்று எனக்கு எரிச்சல். வந்த ஆத்திரத்தில் அதையும் எடை போட்டு உலையில் வைத்து எரித்தேன். ஒரு சிட்டிகை சாம்பல்கூட மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் நேரில் போய்ச் சத்தம் போட்டேன். "புட்டியைக் கழுவ மாட்டீங்களா பிச்சமுத்து? புளியங்கொட்டை கிடக்கு அதுல!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு பக்கம் தேய்ச்சிருந்துச்சா சார்?"

அப்போதுதான் சிதையில் வைத்த கதையைச் சொன்னார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்காது. "மேற்கே குளித்தலை, கரூர்னு எத்தனை சுடுகாடு இருக்கு. அங்கேருந்து வந்திருக்கும். ஓயாமரியில கரைச்சது எப்படி இங்க வரும்? தண்ணி திரும்பி ஓடாதுய்யா!" என்று அதட்டினேன்.

"தேய்ச்ச கொட்டைய வேற யாரு சார் சிதையில வைப்பா?" என்றார். நான் புட்டியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வாரப் புட்டியில் இரண்டாவது இருந்தது.

மனுஷர் துக்கத்தில் தாமே போட்டு அனுப்புகிறார் என்று சந்தேகித்தேன். அதற்கடுத்த புதன்கிழமை நானே தண்ணீர் எடுக்கப் போனேன். உச்சி வெயில். ஷட்டர்கள் இறங்கியிருந்தன. மடு அசையாமல் கிடந்தது. பிச்சமுத்துவைத் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, புட்டியைக் கழுவி, வெயிலில் தூக்கிப் பார்த்து இறக்கினேன். கயிற்றைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின. அடிச் சேற்றில் இலை மக்கினால் வாயு வரும், அது எனக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் அந்தக் குமிழிகள் நான்கு நான்காக வந்தன. நாலு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி நாலு. மேலே இழுத்துப் பார்த்தால் புட்டிக்குள் மூன்றாவது கிடந்தது.

பிச்சமுத்து அதை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். இரண்டாவதை அன்று போனவுடனே கொடுத்திருந்தேன். "மொத வந்தது எங்க சார்?" என்றார்.

எரித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. "அது கரியமில வாயுவாப் போச்சு பிச்சமுத்து. காத்துல கலந்துடுச்சு" என்றேன்.

"திரும்ப எடுக்க முடியாதா?"

"முடியாது. ஆனா காத்துல போற அந்த வாயுவைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கும். ஆத்து வழியா மட்டும் இல்ல, ஆகாசத்து வழியாவும் கரி கடலுக்குப் போகும்." அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னேன். சொன்னது பொய்யில்லை.

அவர் ஆற்றைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "ஒரு காயை மட்டும் முன்னாடி நகத்திட்டா. எனக்காகத்தான் சார் திரும்பி வந்திருக்கா. நான் போட்ட எடமும் தப்பு. வயலுக்குப் போற தண்ணியில போட்டுட்டேன். இந்தத் தொழில்ல இருந்துகிட்டு எனக்கே தோணலையே."

"லீவு போட்டுட்டுக் கடலுக்குப் போய் மிச்சத்தைப் போட்டுட்டு வந்துடுங்களேன்."

"மூணு வச்சு எப்படி சார் ஆடுறது? நான் வராம போக மாட்டேன்னு சொல்லிட்டா. நான் செத்தா என் சாம்பலக் கொள்ளிடத்துல விட்டுருங்க. மூணையும் என்கூட வச்சு." அவருக்கு என்மேல் கோபமே வரவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார். வேலையில் ஒரு குறை கிடையாது. மத்தியான வேளையில் கட்டத்துக்கு முன்னால் தனியே உட்கார்ந்திருப்பார், எதிர்ப்பக்கம் இடம் விட்டு. மூன்றையும் உருட்டி, நாலாவதைக் கேட்பதுபோலக் காற்றைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் காய் நகர்த்துவார். மற்ற லஸ்கர்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். நான் மட்டும் போய் உட்காருவேன். எதிர்ப்பக்கத்தில் அல்ல, பக்கவாட்டில்.

அறுபத்தாறு ஆவணியில், ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோதே மாரடைத்து இறந்தார். வள்ளிக்கண்ணுவின் தம்பி வீரமலை, வழக்கப்படி காவிரியில்தான் கரைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். செத்தவர் ஆசைக்கு மேல் என்னடா வழக்கம் என்று கேட்டேன். கடைசியில் இறங்கி வந்தான். வெள்ளம் கரை தொட்டு ஓடிய கொள்ளிடத்தில் பிச்சமுத்துவின் சாம்பலைக் கரைத்தோம். மூன்று கொட்டைகளையும் என் கையால் போட்டேன்.

பத்து நாள் கழித்து, கொள்ளிடம் கடலில் விழும் பழையாறுக்குப் போனேன். முகத்துவாரத் தண்ணீர் எடுக்க என்றுதான் லேபில் எழுதி வைத்துவிட்டுப் போனேன். அங்கே ஒரு படகு பிடித்துப் போனேன். ஆற்று வண்டல் உப்புத் தண்ணீர் பட்டுத் திரிந்து, கரியோடு அடியில் படிந்துகொண்டிருந்தது. வெள்ளம் வடிந்து, கடல் ஏறும் நேரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நின்றது. பிறகு நுரையும் சருகுமாக மேற்கே, வந்த வழியே ஓட ஆரம்பித்தது. கடலேற்றம் என்று படித்திருக்கிறேன். என்றாலும் தண்ணி திரும்பி ஓடாதுய்யா என்று அதட்டிய என் குரலே காதில் விழுந்தது.

படகுக்காரர் என்னைப் பிடித்துக்கொள்ள, கழுவிய புட்டியை இறக்கி எடுத்தேன். அடியில் கரிந்த புளியங்கொட்டைகள் கிடந்தன. எண்ணினேன். நாலு.

மூன்றைத்தான் நான் ஆற்றில் போட்டேன். நாலாவதை என் உலையில் எரித்திருந்தேன். அதன் எடை, தேதியோடு என் நோட்டில் இருக்கிறது.

நிறுக்கவில்லை. எரிக்கவில்லை. புட்டியை அப்படியே கடல்முகத்தில் கவிழ்த்தேன். நுரையும் சருகும் படகைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தன. அந்த நாலும் மட்டும், ஒன்றையொன்று ஒட்டினாற்போல, கிழக்கே நகர்ந்தன.

போயிட்டு வாங்க என்று வாய்வரை வந்துவிட்டது. நாம் யாரையும் போ என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. ஆனால் "வாங்க" என்பதை விழுங்கிக்கொண்டேன்.

"போங்க" என்றேன்.