கணுக்காலில் விழுந்த குழி

சீனியம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் கோச்சடையில் ஒருத்தரும் தப்ப முடியாது. கோழி முட்டையிடாவிட்டால்கூடப் பக்கத்து வீட்டைத்தான் முறைப்பாள். எண்பத்திரண்டாம் வருஷம் அவள் கண் நாத்தனார் சோலையம்மாள் மேல் விழுந்தது.

புருஷன் முத்திருளன் இருதயம் தளர்ந்து, உடம்பில் நீர் கோத்து, மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தான். அனுப்பும்போது நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னாள்: "உப்பு ஆகாது. மாத்திரை தவறக் கூடாது. தெனமும் காலைல கணுக்கால அமுக்கிப் பாரும்மா. குழி விழுந்தா ஒடனே கூட்டியாந்துரு. இன்னொரு தடவை மூச்சு முட்டுனா தாங்க மாட்டாரு."

சீனியம்மாள் உப்புச் சட்டியைப் பரணில் ஏற்றினாள். மாத்திரையைத் தன் கையாலேயே அவன் வாயில் போட்டாள். அப்படியும் ஒருநாள் காலையில் அமுக்கிய விரலை எடுத்தபின் கணுக்காலில் குழி அப்படியே நின்றது. அவளுக்குப் பகீரென்றது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாமல், எவரோ உப்புப் பண்டம் கொடுக்கிறார்கள் என்று ஆளைத் தேடினாள். டீக்கடையில் போய் விசாரித்தாள். வடை தின்றானா என்று புருஷன் கையை மோந்து பார்த்தாள். கடைசியில், தம்பி மேல் உயிரையே வைத்திருந்த சோலையம்மாளிடம் போய் நின்றாள்.

"மதினி, எனக்குத் தெரியாம அவருக்கு என்னத்தக் குடுக்குறீங்க? என் தாலிய அறுக்கணுமா?"

சோலையம்மாள் முகம் செத்துப்போனது. விறுவிறுவென்று தம்பி வீட்டுக்கு நடந்தாள்; சீனியம்மாள் பின்னாலேயே ஓடினாள். அங்கே முத்திருளன் தலையணைகளில் சாய்ந்தபடி, மூச்சிரைக்கக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு.

"இது என்னடி?"

"உப்பில்லாக் கஞ்சி எறங்குமா மதினி? பாவம்னு தெனமும் ரெண்டு துண்டு சுட்டு வைக்கிறேன். அதுல நான் ஒரு கல்லு உப்புப் போடல."

சோலையம்மாள் ஒரு துண்டைப் பிய்த்து அவள் வாயில் திணித்தாள். "மென்னு பாருடி."

மென்றாள். காலமெல்லாம் தின்ற கருவாடு அன்றைக்குத்தான் வாயில் உப்பாகக் கரித்தது. கருவாட்டை உப்பில் புரட்டித்தான் காயவைப்பார்கள் என்று தெரியாதவளா? நன்றாகத் தெரியும். தன் கை போட்டால்தான் உப்பு என்று இருந்துவிட்டாள், புத்திகெட்டவள்.

"நானேல்ல குடுத்திருக்கேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன மாட்டுவண்டியில் தம்பியை மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனது சோலையம்மாள்தான். நல்லவேளை, நீரை இறக்கித் திருப்பி அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் தினமும் சீனியம்மாள் கஞ்சிச் சட்டியோடு நாத்தனார் வாசலில் போய் நிற்பாள்.

"மதினி, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. என் கைய நானே நம்ப மாட்டேன்."

சோலையம்மாள் குடித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் முத்திருளனுக்குக் கஞ்சி.