வெளியே உதைத்தவன்

குத்தாயிசியில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மல்ஹாஸ்தான் எங்கள் ஜார்ஜியாவை ரக்பி உலகக் கோப்பைக்கு அனுப்பி வைத்தவன். அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கடைக்கு வருகிறவர்களே சொல்லிக் காட்டுவார்கள், ஆனால் வேறு மாதிரி. டயரில் காற்றடிக்கும்போது, "பார்த்து மல்ஹாஸ், உள்ளேயே அடி. வெளியே அடிச்சுப் பழகின ஆளு நீ" என்பார்கள். அவனும் சிரித்து வைப்பான். இருபது வருடமாக ஒரே கிண்டல். சொல்கிறவர்களுக்கும் அலுக்கவில்லை, அவனுக்கும் வலிப்பது நிற்கவில்லை.

அவன் செய்த குற்றம் இதுதான்.

ஐரோப்பாவின் பெரிய நாடுகளுக்கு உலகக் கோப்பையில் நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள். போன முறை நன்றாக ஆடியதால் அவர்கள் நேரே போய் உட்காரலாம். எங்களைப் போன்றவர்கள் வாசலில் முட்டி மோதித்தான் நுழைய வேண்டும். ஆறு நாடுகள், இரண்டு வருட ஆட்டம், ஒவ்வொருவரோடும் அவர்கள் ஊரில் ஒன்று, நம் ஊரில் ஒன்று. ஜெயித்தால் நான்கு புள்ளி. தோற்றாலும் ஆட்ட எண்ணிக்கையில் ஏழுக்குள் தோற்றால், ஆறுதலாக ஒரு புள்ளி. எல்லாவற்றையும் கூட்டி முதலில் வருகிறவனுக்கு உள்ளே இடம். அடுத்து வருகிறவன் வேறு கண்டத்துக்காரர்களோடு இன்னொரு வாசலில் போய் நிற்க வேண்டும்.

அந்த வருடம் கடைசி ஆட்டம் திபிலிசியில், ருமேனியாவோடு. எங்களுக்குத் தேவை ஒரே ஒரு புள்ளி.

அணியின் முன்வரிசையில், வலது ஓரத் தூணாக நின்றவன் ஜும்பேர், மல்ஹாஸின் மச்சான். தன் தங்கை லமாராவை மல்ஹாஸுக்குக் கட்டிக் கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஜும்பேர் குரியா பக்கத்துக்காரன். ஈஸ்டர் அன்று ஊரே இரண்டாகப் பிரிந்து, கல் மாதிரிக் கனக்கும் பந்து ஒன்றை ஓடைக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போகும் ஊர்கள் அவை. அங்கே பிறந்தவனுக்கு ரக்பி என்றால் ஸ்க்ரம்தான். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிந்து, தோளில் தோள் கொடுத்து, எவன் பின்வாங்குகிறான் பார்ப்போம் என்று தள்ளுவது. மற்றதெல்லாம் அதற்கு நடுவில் இளைப்பாறுகிற நேரம். அன்று ஜும்பேர் எதிரில் வந்த ருமேனியனை ஆட்டம் முழுக்க மண்ணைக் கவ்வ வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் எண்ணிக்கையில் நாங்கள் ஐந்து பின்தங்கியிருந்தோம்.

நேரம் முடிந்துவிட்டது. இனி பந்து கோட்டுக்கு வெளியே போனால் ஆட்டம் ஓவர் என்ற நிலையில், மைதானத்தின் நடுவில் நடுவர் விசில் ஊதி எங்களுக்குத் தண்டனை உதை கொடுத்தார். அணித்தலைவன் தலையில் அடிபட்டு வெளியே போயிருந்ததால் முடிவு துணைத்தலைவன் மல்ஹாஸின் கையில்.

ஐம்பதாயிரம் பேரும் எழுந்து நின்று ஸ்க்ரம் கேட்டார்கள். ஜும்பேர் காதிலிருந்து ரத்தம் வழிய, மூச்சு வாங்கிக்கொண்டே வந்தான்.

"மாப்ளே, ஸ்க்ரம் சொல்லு. அவன் முட்டி நடுங்குது. கோட்டைத் தாண்டித் தள்ளிட்டுப் போறேன், ஜெயிச்சிடலாம்."

மல்ஹாஸ் கணக்குப் பார்த்தான். ஸ்க்ரம் சரிந்தால் நடுவர் கை எந்தப் பக்கம் நீளும் என்று கடவுளுக்கே தெரியாது. எதிரணிக்கு நீண்டால், அவர்களிடம் அங்கிருந்தே கம்பத்துக்கு மேல் உதைத்து மூன்று எடுக்கிற கால் ஒன்று இருக்கிறது. ஐந்தும் மூன்றும் எட்டு. அந்த ஒரு புள்ளி கையை விட்டுப் போகும். உலகக் கோப்பையும் போகும். இப்போதே ஆட்டத்தை முடித்தால் தோல்விதான், ஆனால் உள்ளே போய்விடலாம்.

"வேணாம் மச்சான்," என்றான். "ஐஞ்சுல தோத்தா போதும் நமக்கு."

பந்தைக் கால் நுனியால் தட்டி, கையில் எடுத்து, திரும்பி, கூட்டத்துக்குள் ஓங்கி உதைத்தான். ஆட்டம் முடிந்தது. தகுதி பெற்றுவிட்டோம். மைதானத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. ருமேனியர்கள்கூட ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டுத்தான் குதித்தார்கள். ஜும்பேர் தன் தலைப்பட்டையைக் கழற்றி மல்ஹாஸின் காலடியில் போட்டுவிட்டு நடந்தான்.

அந்த உலகக் கோப்பைக்கு மல்ஹாஸ் போகவில்லை. முழங்கால் என்று காரணம் சொன்னார்கள்; முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. ஜும்பேர் போனான். பெரிய நாட்டு அணி ஒன்றைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிற அவனுடைய படம் இன்றும் அவன் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. அவனை அந்தப் படத்துக்குள் அனுப்பிவைத்த கால் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விருந்து கெட்டுவிடும்.

ஜும்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ரகம் இல்லை. அப்படிப் போயிருந்தால்கூட மல்ஹாஸ் நிம்மதியாக இருந்திருப்பான். பண்டிகை, ஞானஸ்நானம், அறுவடை, எதுவானாலும் குடும்பம் கூடுவது அவன் மேசையில்தான். அங்கே அவன்தான் தமதா. எங்கள் மேசைகளில் தமதா சொல்லாமல் யாரும் மதுக் கோப்பையைத் தூக்க முடியாது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவரவர் செய்த நல்லதைச் சொல்லி, அவன் வாழ்த்த வேண்டும். வாழ்த்தப்பட்டவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். ஜும்பேர் கோழி வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரனைக்கூடக் கண் கலங்க வைக்கிற மாதிரி வாழ்த்துவான். மல்ஹாஸின் முறை வந்தால், "என் தங்கச்சி புருஷன். நல்லா டயர் ஒட்டுவான்" என்று முடித்துவிடுவான். மேசை சிரிக்கும். மல்ஹாஸ் எழுந்து நன்றி சொல்லி உட்காருவான்.

லமாரா போகவே வேண்டாம் என்று எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறாள். போகாவிட்டால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடுமே என்பான் மல்ஹாஸ். உள்ளுக்குள் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த வாயால், அந்த மேசையில், அந்த உதையைச் சொல்லி ஒரு வாழ்த்து. எழுந்து சொல்ல வேண்டிய பதில்கூட அவனிடம் தயாராக இருந்தது. கடையில் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொண்டிருந்தான்.

அவன் மகள் தேக்லா இந்த மேசையில்தான் வளர்ந்தாள். உடம்பு மாமாவைப் போல, கணக்கு அப்பாவைப் போல. நாட்டின் பெண்கள் ரக்பி அணிக்கு அவள் தலைவியானபோது ஜும்பேர் ஒரு பன்றியை அறுத்தான். அவர்களுக்கும் இதே வாசல், இதே கணக்கு. போன இளவேனிலில் கடைசி ஆட்டம் நெதர்லாந்தில். இங்கேயும் ஒரு புள்ளி போதும்.

குடும்பம் மொத்தமும் ஜும்பேர் வீட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. நேரம் முடிந்தபோது எங்கள் பெண்கள் ஐந்து பின்னால். மைதானத்தின் நடுவில் விசில். தண்டனை உதை எங்களுக்கு. கூடத்தில் லோபியோ பீன்ஸ் குழம்புச் சட்டியில் யாரும் கை வைக்கவில்லை.

"வெளியே அடி, பொண்ணே," என்று கத்தினான் ஒருவன். "தட்டிட்டு வெளியே அடிச்சுத் தொலை!"

கத்தியது ஜும்பேர். கத்திய பிறகுதான் அவனுக்கே தான் கத்தியது தெரிந்தது. லமாரா அண்ணனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். மல்ஹாஸ் யாரையும் பார்க்கவில்லை. திரையில் தேக்லா நடுவரிடம் ஸ்க்ரம் என்று சைகை காட்டிவிட்டாள்.

முதல் தள்ளலில் எதிரணி நகர்ந்தது. அப்புறம் எங்கள் இடப்பக்கம் சரிந்தது. நடுவர் கை நெதர்லாந்துக்கு நீண்டது. அவர்களுடைய பத்தாம் எண்காரி நிதானமாக உதைத்தாள். பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. ஐந்தும் மூன்றும் எட்டு.

அவள் ஊருக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மேசை நிறைந்திருந்தது. தோற்றாலும் தலை குனியாமல் தோற்றாள், இவள்தான் நம் ரத்தம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். தேக்லா கச்சாபூரி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தமதா ஆசனத்தில் ஜும்பேர் அன்று அதிகம் பேசவில்லை. கடைசியில் அவளைத்தான் கேட்டான்.

"ஏன் பொண்ணே வெளியே அடிக்கல? உங்கப்பன் சொல்லிக் குடுக்கலையா?"

"அப்பா சொல்லிக் குடுத்தாரு மாமா," என்றாள் தேக்லா. "பந்தைக் கையில எடுத்ததும் அதான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் இந்த மேசை ஞாபகம் வந்துச்சு."

ஜும்பேர் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். கோப்பையை எடுத்தான்.

"மல்ஹாஸுக்கு," என்றான். "அன்னைக்கு வெளியே உதைச்சவனுக்கு. அவன் உதைக்கலேன்னா அந்தப் படம் அங்க இல்ல. இத்தனை நாளா அது எனக்குத் தெரியும்."

ஆண்கள் எல்லாரும் எழுந்தார்கள், கோப்பைகள் உயர்ந்தன. இனி மல்ஹாஸ் பதில் சொல்ல வேண்டும். இருபது வருடமாகத் திருத்தித் திருத்தி வைத்த பதில். எழுந்தான். எதிரே மகள் தலையை நிமிர்த்தாமல் ரொட்டித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டிருந்தது கைக்கு வந்துவிட்டது. அதற்கு அவள் கொடுத்த விலையைப் பார்த்தபோது அவனுக்கு அது வேண்டாமென்றே இருந்தது.

"மச்சான்," என்றான், "உட்காருங்க. பிள்ளை வந்ததிலேர்ந்து சாப்பிடல."

கோப்பையை வாயில் வைக்காமல் கீழே வைத்துவிட்டு, மேசையைச் சுற்றிப் போய் அவள் தட்டில் சூடாக ஒரு துண்டு எடுத்து வைத்தான்.