பிரேக் டீச்சர் வீட்டில் சாமி கும்பிடுவது யார்?

எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பிரேக் டீச்சர் என்று பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் எதிரே ஒரு கோழி வந்தால்கூடப் பிரேக்கை மிதித்துவிடுவார்கள். டீச்சர் மிதிக்கவே மாட்டார். கால் அதன்மேல் சும்மா இருக்கும். வாய் மட்டும், "மெதுவா, மெதுவா, அது சுவர், அது நகராது" என்று சொல்லிக்கொண்டே வரும். பிரேக்கை மிதிக்காததால் வந்த பட்டப்பெயர் அது. எனக்கும் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். இந்தக் கதையையும் அவரே, நான் ரிவர்ஸ் எடுத்துத் திணறும்போதெல்லாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

டீச்சர் மலைப்பக்கத்துக்காரர். மலையில் கோயில் இல்லாத தெரு கிடையாது. அங்கே பஸ் டிரைவர் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுவார். பயணிகளும் கும்பிடுவார்கள், டிரைவர் கையை எடுத்துவிட்டாரே என்பதற்கும் சேர்த்து. கீழே கடலோரம் வேறு உலகம். துறைமுகமும் கப்பல் பட்டறைகளும் வந்ததிலிருந்தே அங்கே சாமி கும்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். பெரிய கோயில் ஒன்றில் இப்போது பாத்திரக் கடைக்காரர் சரக்கு அடுக்கி வைத்திருக்கிறார். மலையில் ஒருவர் 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்றால், உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். கடலோரத்தில் ஒருவர் 'எனக்கு நம்பிக்கை உண்டு' என்றால், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்பார்கள்.

டீச்சருக்கு நம்பிக்கை போனது மலையில் இருக்கும்போதே. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. சளி போவதுபோலப் போய்விட்டது. ஒருநாள் கோயிலில் அம்மாவோடு கண்ணை மூடி நின்றபோது, தான் ரொம்ப நாளாக அங்கே நின்று கியர் பாக்ஸைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. சரி என்று கண்ணைத் திறந்து, பக்கத்தில் நின்றவரைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா தையல் கடை வைத்திருந்தார். ஊர்ச் செய்தி முழுக்க அந்தக் கடை வழியாகத்தான் போகும், வரும்.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை கடலோரத்து ஃபிரிட்ஜ் மெக்கானிக். மலைக்கு ஐஸ்கிரீம் கடை ஒன்றின் ஃப்ரீசரைச் சரிபார்க்க வந்தவர், டீச்சரையும் பார்த்துவிட்டு, சரியாகிவிட்ட ஃப்ரீசரை மறுபடி மறுபடி வந்து சரிபார்த்தார். அவர் அப்பா கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர், கடவுள் இல்லை என்பதில் வெகு உறுதி. சுத்தியல் விரலில் விழுந்தால்கூட அந்த வீட்டில் 'ஐயோ அம்மா' என்றுதான் சொல்லலாம், 'கடவுளே' கூடாது. மகன் அவர் முன்னால் போய் நின்று பேசியது அதுவரை இல்லாத விஷயம்.

"அவ மலைப்பக்கத்துப் பொண்ணுப்பா. சாமி கும்பிடற வழக்கம் இருக்கும். அவ கும்பிடறதுக்கு இந்த வீட்ல ஒரு இடம் வேணும். யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. கடைசியில் அப்பாவே இறங்கி வந்து, சமையலறைச் சுவரில் சாமி படம் வைக்கத் தன் கையால் ஒரு இரும்புப் பலகையை வெல்டிங் செய்து பொருத்தினார். புது மருமகள் வீட்டுக்குள் வந்ததும் கணவர் அந்தப் பலகையைக் காட்டி, "இது உனக்காக" என்றார். முகமெல்லாம் பெருமை. டீச்சர் என்ன சொல்வார்? ரொம்ப நன்றி, ஆனால் எனக்கு இது தேவையில்லை என்றா?

அன்றிலிருந்து தினமும் காலையில் டீச்சர் அந்தப் பலகை முன்னால் கண்ணை மூடி நிற்க ஆரம்பித்தார். மாமனார் கூடத்தில் பேப்பரைச் சத்தமில்லாமல் புரட்டுவார். கணவர் டீ டம்ளரைச் சத்தமில்லாமல் வைப்பார். இப்படியே வருடங்கள் ஓடின.

சந்தேகம் வந்தது ஒரு சனிக்கிழமை. மீன் மார்க்கெட் ஐஸ் ரூமில் வேலை என்று சொல்லிவிட்டுக் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போன பிறகு பார்த்தால் கருவிப் பை வீட்டிலேயே இருக்கிறது. சரி, மறந்திருப்பார். அடுத்த சனிக்கிழமையும் அதே ஐஸ் ரூம், அதே பை கட்டிலடியில். போதாததற்குத் தேய்த்த நீலச் சட்டை. மீனுக்கு யார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போவார்கள்?

மூன்றாவது சனிக்கிழமை டீச்சர் தயாராக இருந்தார். அன்றைய முதல் மாணவி துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. அவரும் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர்தான். கணவரின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் டீச்சர் காரில் ஏறி உட்கார்ந்தார்.

"அக்கா, இன்னிக்கு மெயின் ரோடு. அந்த நீலச் சட்டை தெரியுதா? அதுக்குப் பின்னாலயே போங்க."

"முந்தணுமா டீச்சர்?"

"முந்த வேண்டாம். தொலைக்காம இருந்தாப் போதும்."

அதுதான் முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு கார் ஒரு சைக்கிளைத் துரத்தி, சைக்கிள் ஜெயித்துக்கொண்டிருந்த காட்சி அன்று நடந்தது. சிக்னலில் கார் நின்றுவிட்டது. கிளப்பினால் தவளைபோல ஒரு குதி, மறுபடி நின்றது. பின்னால் ஹாரன். அக்கா பதறி வைப்பரைப் போட்டுவிட்டார். வெயிலில் வைப்பர் கறக் கறக்கென்று ஆட, டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல, ஓடட்டும், நீங்க முன்னால பாருங்க" என்றார். கடலோரத்தில் கோயில்கள் குறைவு என்று டீச்சர் நினைத்திருந்தார். அக்காவுக்கு அத்தனையும் மனப்பாடம். மாவு மில் சந்தில் ஒன்று, தபால் ஆபீஸ் பின்னால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஸ்டியரிங்கிலிருந்து கை எழும்பும்.

"அக்கா, கை."

"ஒரு செகண்டு டீச்சர். அவர் பாத்துப்பாரு."

"அவருக்கு லைசென்ஸ் இல்ல. நீங்க பாருங்க."

நீலச் சட்டை ஒரு சந்துக்குள் திரும்பியது. காரும் திரும்பியது. சந்தின் முடிவில் டீச்சர் மனதில் வரைந்து வைத்திருந்த மாதிரி மாடி வீடும் இல்லை, பூந்தொட்டி வைத்த ஜன்னலும் இல்லை. ஒரு சின்னக் கோயில் இருந்தது. கணவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். கோயிலைக் கண்டதும் அக்கா இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். கார் நேராக வாசலை நோக்கிப் போனது.

டீச்சர் தன் வேலைக்காலத்திலேயே முதல்முறையாகப் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, ஆனால் வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள்களில் கடைசி ஒன்றை லேசாகத் தொட்டுவிட்டுத்தான் நின்றது. அது பக்கத்துச் சைக்கிளின்மேல் சாய, அது அடுத்ததன்மேல் சாய, வரிசை முழுதும் நிதானமாகப் படுத்தது. உள்ளே கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லாம் வெளியே ஓடிவந்தார்கள். அவர்களில் கணவரும் இருந்தார்.

டீச்சர் காரைவிட்டு இறங்கினார். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த கேள்வி வாயில் இருந்தது. அதற்குத் தேவை போய்விட்டது என்பது மூளைக்கு எட்டுவதற்குள் கேட்டுவிட்டார்.

"உள்ள யாரு இருக்கா?"

கணவர் திரும்பிக் கோயிலைப் பார்த்தார். "சாமிதான் இருக்கு" என்றார்.

சைக்கிள்களை எல்லாரும் சேர்ந்து நிமிர்த்திய பிறகு, இரண்டு பேரும் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் துணிக்கடை அக்கா, காதே இல்லாதவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளாச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா உசுரையே விட்ருவாரு. உங்கிட்டயாவது சொல்லிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்ட என்ன வெக்கம்?"

"உன்னப் பாத்துதான் ஆரம்பிச்சேன். அதான்."

"என்னையா?"

"காலைல அந்தப் பலக முன்னால கண்ண மூடி நிப்பியே. அப்ப உன் முகம் இருக்கே, அப்படி ஒரு முகத்த நான் எங்கயும் பாத்ததில்ல. இவளுக்கு இவ்ளோ நிம்மதி எங்கேருந்து வருதுன்னு யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சு இங்க வந்து நின்னுட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கதவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கணவர் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நம்பிக்கை கிடையாதுங்க. கல்யாணத்துக்கு முன்னாலயே போயிருச்சு. நீங்க உங்கப்பாவோட சண்ட போட்டுப் பலக வாங்கி வெச்சிருந்தீங்க. வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?"

கணவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப என்னத்த நினைச்சிட்டு நின்ன?"

"அன்னிக்கு வர்ற ஸ்டூடண்ட்ஸ. யாரு கிளட்ச்ச டபக்குனு விடுவாங்க, யாரு கண்ணாடியே பாக்க மாட்டாங்கன்னு."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழம லீவு. அன்னிக்கு ஒண்ணுமே நினைக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமதான் உன் முகம் இன்னும் நல்லா இருக்கும்" என்றார் கணவர்.

முன்சீட்டிலிருந்து அக்கா தயங்கித் தயங்கி, "டீச்சர், எஞ்சின ஆஃப் பண்ணட்டுமா?" என்றார்.

"அது எப்பவோ ஆஃப் ஆயிருச்சுக்கா."

அப்போது கணவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்து ஓய்ந்ததும் டீச்சருக்குத் திடீரென்று கவலை வந்தது. இத்தனை வருடம் ஒரு மனிதரை ஏமாற்றி வைத்திருந்திருக்கிறோமே.

"இனிமே இங்க வர மாட்டீங்களா?"

"வருவேன். நீ காட்டின வழிதான் தப்பு. வந்து சேந்த எடம் எனக்குப் பிடிச்சிருக்கு."

மறுநாள் காலை அந்த வீட்டில் பலகை முன்னால் நின்றது கணவர். டீச்சர் டீ குடித்தார். கூடத்தில் மாமனாரின் பேப்பர் கீழே இறங்கியது.

"என்னடா பண்ற?"

"கும்பிடறேன்பா."

"மருமக கும்பிட்டா அது அவ ஊரு வழக்கம். நீ கும்பிட்டா அது என் தோல்விடா. இந்தக் கையால வெல்டிங் வெச்சேனே."

அன்று முழுதும் மகனோடு அவர் பேசவில்லை. மதியம் டீச்சர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். கேட்கக் கேட்கக் கிழவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. மகன் போனால் என்ன, மருமகள் கிடைத்துவிட்டாள்.

"அட போம்மா. நீ நிக்கறப்பல்லாம் மூச்சுச் சத்தம்கூட வராம நான் பேப்பர் படிச்சேனே."

"நீங்க அவ்ளோ சிரமப்படறீங்களேன்னுதான் மாமா நானும் கூடக் கொஞ்ச நேரம் நின்னேன்."

மலைக்கு ஃபோன் போட்டதுதான் கஷ்டம். டீச்சர் தன் விஷயத்தையும் கணவர் விஷயத்தையும் சொன்னதும் மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"மாப்பிள்ளை கும்பிடறாரா?" என்றார் அம்மா கடைசியில்.

"வாரா வாரம். சைக்கிள் மிதிச்சுப் போறாரு."

"அப்ப வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கு" என்றார் அம்மா. மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதன்பிறகு அம்மா ஃபோன் செய்தால் மகளிடம் இரண்டு வார்த்தை, மாப்பிள்ளையிடம் அரை மணி நேரம்.

அந்த வருடமே இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள். அம்மாவும் மாப்பிள்ளையும் குளித்துக் கிளம்பிச் சேர்ந்து கோயிலுக்குள் போனார்கள். டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். எதிரே மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அவர் மலையில் இருந்த காலத்தில் அதில் காக்காய்தான் உட்கார்ந்திருக்கும். இப்போது இடமே இல்லை. ஓரத்தில் டீச்சருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பக்கத்தில் மருந்துக்கடைக்காரர், காலேஜ் படிக்கிற இரண்டு பெண்கள், கைக்குழந்தையோடு ஒரு அப்பா.

"சார், நீங்க உள்ள போகலையா?"

"வீட்ல போயிருக்காங்க. எனக்கு முட்டி வலி" என்றார் வாத்தியார்.

"எனக்கும் முட்டிதான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

டீச்சர் அந்த இரண்டு பெண்களைப் பார்த்தார். ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே தன் முட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கு முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு நம்பிக்கை இல்ல சார், அதான் போகல" என்றார் டீச்சர்.

பெஞ்சு முழுதும் கப்சிப்பென்று அடங்கியது. வாத்தியார் கோயில் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசும்மா" என்றார். "இங்க அப்படியெல்லாம் சொல்றதில்ல. முட்டி வலின்னு சொல்லு, உக்காரு." சொல்லிவிட்டு எல்லாரையும் தள்ளி உட்காரச் சொன்னார். குழந்தையை மடியில் ஏற்றிக்கொண்டார்கள். டீச்சர் நடுவில் சொருகிக்கொண்டார். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பெஞ்சே குலுங்கியது.

அம்மாவும் மாப்பிள்ளையும் வெளியே வந்தபோதும் சிரிப்பு அடங்கியிருக்கவில்லை. அம்மா மகளைப் பார்த்தார், பிறகு வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்தார். எல்லாருக்கும் சட்டை தைத்துக் கொடுத்தவர், எல்லாருடைய அளவும் தெரிந்தவர்.

"எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்" என்று அம்மா சொல்வார் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அம்மா கையிலிருந்த பையை மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றார். "உள்ள நின்னு நின்னு எனக்கு நிஜமாவே கால் வலிக்குது."