காடைத்துறையில் இடம் இல்லை

கடவுளே ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு காடைத்துறை முகாமுக்கு வந்தாலும், டெல்மர் ஹாஸ்கின்ஸ் அவரை நிறுத்தி, "முதல்ல வந்தவங்களுக்குத்தான் இடம், பெரியவரே. மொத்தம் எத்தனை வண்டி?" என்று கேட்பான். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பாதிரியாருக்கே ஒருமுறை அது நடந்தது. அவர் படகைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எனக்கும் டெல்மருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஏழு வருடமாக என் கடையிலிருந்து ஐஸும் தூண்டில் புழுவும் கொண்டுபோய்க் கொடுக்கிற உரிமையில் அவன், இவன் என்றுதான் சொல்வேன். மரியாதை வேண்டுமென்றால் முதலில் என் காபியைக் குறை சொல்வதை அவன் நிறுத்தட்டும்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். மனைவி லொரெய்ன் இறந்த வருடம் வீட்டை விற்றுவிட்டு, உள்ளேயே குடியிருக்கிற மாதிரி வெள்ளை டிரெய்லர் ஒன்றை வாங்கிக்கொண்டு, கொலராடோ ஆற்றங்கரையில் ஒரு குளிர்காலம் மட்டும் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தான். அப்போதிருந்த முகாம் பொறுப்பாளருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "ஒரு வாரம் பார்த்துக்க முடியுமா?" என்று அரசாங்க நில அலுவலகத்திலிருந்து வந்து கேட்டார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. சம்பளம் கிடையாது. வாசலை ஒட்டி டிரெய்லர் நிறுத்த ஒரு இடம், தண்ணீர், மின்சாரம், அப்புறம் ஒரு பழுப்பு நிறத் தொப்பி. அந்தத் தொப்பிக்காகத்தான் தங்கிவிட்டான் என்பது என் கணிப்பு. குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவானா என்று ஹார்லன் ஒருநாள் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை.

ஹார்லன் என்பவன் குளிர் தாங்காமல் வடக்கே கனடாவின் சஸ்காட்செவனிலிருந்து ஓடி வருகிற கூட்டத்தில் ஒருவன். பதினான்கு நாளுக்கு மேல் ஒருவர் இங்கே தங்கக் கூடாது என்று விதி. டெல்மர் அவனைத் தவறாமல் கிளப்பி அனுப்புவான், அவனும் வேறெங்காவது இருந்துவிட்டுத் தவறாமல் திரும்பி வருவான். இருவரும் உயிர் நண்பர்கள்.

ஈஸ்டர் வாரம் வந்தால் டெல்மருக்குச் சாமி வந்துவிடும். இது பொது நிலம், முன்கூட்டி இடம் பிடிக்க முடியாது. ஆனால் ஜனங்கள் விடுவார்களா? ஆற்றைப் பார்த்த நல்ல இடமாகத் தேடி ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு, "மச்சான் வந்துக்கிட்டே இருக்கான்" என்பார்கள். மச்சான் மூன்று நாள் வந்துகொண்டே இருப்பான். டெல்மர் அத்தனை நாற்காலிகளையும் அள்ளிக்கொண்டு வந்து தன் வாசலில் அடுக்குவான். ஈஸ்டர் முடிகிற நேரத்தில் அவன் டிரெய்லர் வாசல் சர்ச் விருந்துக் கூடம் மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்டவன்தான் இந்த வருடம் புதன்கிழமை காலை ஒன்பதாம் இடத்தில் தன் சொந்த நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டான். பெரிய சீமைக்கருவேல மர நிழல், நாலு எட்டில் ஆறு. முகாமிலேயே நல்ல இடம் அதுதான்.

முகாமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. "டெல்மர், யாரோ நாற்காலி போட்டுட்டான்யா, உடனே வந்து தூக்கு!" என்று ஹார்லன் ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினான்.

"பேசாம போ."

"மச்சான் வரானா?"

"ஜனெல் வரா" என்றான் டெல்மர். அதற்கு மேல் ஹார்லன் சிரிக்கவில்லை.

ஜனெல் அவனுடைய ஒரே மகள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஈஸ்டருக்கு, அப்பாவைப் பார்க்கவேண்டும் என்று ஃபீனிக்ஸிலிருந்து தன் வேனில் வந்தாள். முகாம் நிரம்பியிருந்தது. இந்த மகானுபாவன் வாசலிலேயே நின்று, "ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமாம்மா? டவுன்ல ஓட்டல்ல கேட்டுப் பாரு" என்று அனுப்பிவிட்டான். ஓட்டலிலும் இடம் இல்லை. அவள் வந்த வழியே மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அவ்வளவுதான். பேத்தி வில்லா பிறந்து இரண்டு வயதாகிறது. இவன் அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். போன வாரம் ஜனெலே கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வருகிறேன், கடைசியாக ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்று சொன்னாளாம். "கடைசியாக" என்ற சொல்லை அவன் என்னிடம் இரண்டு தடவை சொன்னான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதைத் தவிர எல்லா இடமும் நிரம்பியிருந்தது. வாசலில் ஒரு பழைய வண்டி வந்து நின்றது. எஞ்சினிலிருந்து ஆவி. பின்னால் ஒரு சின்ன டிரெய்லர், வண்டிக்குள் வெயிலில் சிவந்துபோன மூன்று பிள்ளைகள். ஓட்டி வந்தவன் இறங்கி ஒன்பதாம் இடத்தைக் கைகாட்டினான்.

"சார், அங்க யாராவது இருக்காங்களா?"

டெல்மர் தன் நாற்காலியைப் பார்த்தான். பிள்ளைகளைப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லேன்யா! ஆள் வருதுன்னு சொல்லு!"

"காலிதான்" என்றான் டெல்மர். "மரத்துல இடிக்காம பின்னால எடுங்க."

நாற்காலியை அவனே போய் மடக்கிக்கொண்டு வந்தான். எனக்கு வந்த கோபத்தில் தோளிலிருந்த ஐஸ் மூட்டையை அவன் காலில் போட்டிருப்பேன்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? பெத்த பொண்ணு வராய்யா!"

"இவங்க வந்துட்டாங்களே, ட்வைலா. அவ இன்னும் வரலையே."

அவன் டிரெய்லர் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான். அடியில் ஒரு முடிகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கேலி செய்ய யாருக்கும் மனசு வரவில்லை.

ஹார்லன் மெதுவாகச் சொன்னான். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாலைவனம் பூரா பொது நிலந்தானே. எங்க வேணா தங்கலாம். அவள அங்க நிறுத்தச் சொல்லேன்."

"வெறும் கல்லு. தண்ணி இல்ல, நிழல் இல்ல. சின்னக் குழந்தைய வச்சுக்கிட்டு அவ எப்படி இருப்பா?" என்றான் டெல்மர். பிறகு எழுந்து நின்றான். "ஆனா நான் இருப்பேன்ல?"

"என்னது?"

"பொறுப்பாளர் இடத்துல அவரோட குடும்பம் தங்கலாம்னு விதியிலயே இருக்கு. பொறுப்பாளரும் அங்கயேதான் தூங்கணும்னு எங்கயும் இல்லையே!"

அந்த நேரத்திலும் விதியைத்தான் புரட்டியிருக்கிறான், பாருங்கள். ஆனால் அந்த இடத்தில் இரண்டு வண்டி நிற்காது. டிரெய்லர் நகர வேண்டும். ஏழு வருடம் நகராத டிரெய்லர். நான்கு சக்கரத்திலும் காற்று இல்லை. சுற்றிலும் தக்காளித் தொட்டிகள், பிளாஸ்டிக் புல் விரிப்பு, தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகள், காற்றில் கிணுகிணுக்கும் மணிகள். போதாக்குறைக்கு ஜனங்களிடம் பிடுங்கிய நாற்காலிகள்.

முகாம் மொத்தமும் கை கொடுத்தது. நாற்காலி பறிகொடுத்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு இதைவிடக் கொண்டாட்டம் ஏது?

"பதினாலு நாளுக்கு மேல ஒரே இடத்துல இருக்கக் கூடாதாமே டெல்மர்! இது எத்தனையாவது நாளு?"

"நாங்க வேணா நோட்டீஸ் எழுதி ஒட்டட்டுமா?"

"தள்ளுங்கடா, பேசாம!" என்று டெல்மர் கத்தினான். காற்றடித்து, ஹார்லனின் வண்டியில் சங்கிலி கட்டி இழுத்தோம். டிரெய்லர் முனகிக்கொண்டே கிளம்பியது, ஒரு பக்கம் துணிப்பந்தல் தொங்க, மணிகள் எல்லாம் ஒன்றாகக் கிணுகிணுக்க. ரோட்டைத் தாண்டி, கல்பரப்பில் ஏறின உடனே ஒரு சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. அதற்கு மேல் அசையவில்லை.

அப்போதுதான் ஜனெலின் வேன் வந்தது.

இறங்கினாள். காலியாகக் கிடந்த அப்பாவின் இடத்தைப் பார்த்தாள். சங்கிலியில் கட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற டிரெய்லரைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்கேப்பா கிளம்பிட்ட?" என்றாள். கோபம்கூட இல்லை, அலுப்புத்தான். "இந்தத் தடவ இடம் இல்லன்னு சொல்றதுக்குக்கூட இருக்க மாட்டியா?"

நான் வாயைத் திறக்கப்போனேன். ஹார்லன் என் கையைக் கிள்ளினான்.

"இடம் இருக்கும்மா" என்றான் டெல்மர். தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான். "என் இடம். தண்ணி இருக்கு, கரண்டு இருக்கு. மத்தியானமே நிழல் வரும். நீயும் பாப்பாவும் அங்க இருங்க. நான் இந்தப் பக்கம் இருந்துக்கிறேன்."

அவள் அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் உன் இடம் இங்கதானேப்பா இருந்துச்சு?"

"இருந்துச்சு." அவன் தலையாட்டினான். "உன்ன அனுப்பிட்டு விதியெல்லாம் திரும்பத் திரும்பப் படிச்சேம்மா. எங்கயாவது ஒரு வழி இருந்துச்சான்னு. நான் நகரலாம்னு மட்டும் எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா தோணல."

ஜனெல் வேனில் ஏறிக் கதவை அடைத்தாள். வண்டி திரும்பியது. போகிறாள், அவ்வளவுதான், என்று நினைத்தேன். டெல்மரும் அதைத்தான் நினைத்திருப்பான், தலையைக் குனிந்துகொண்டான்.

வேன் ஊர்ப் பக்கம் போகவில்லை. பின்னோக்கி நகர்ந்து வந்து கல்பரப்பில் ஏறியது. பின் ஜன்னலில் குட்டிப் பெண் மூக்கை அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"பகல்ல எல்லாரும் அந்த நிழலுக்குப் போவோம்" என்று ஜனெல் தலையை வெளியே நீட்டிச் சொன்னாள். கண் சிவந்திருந்தது. "ராத்திரி நீ மட்டும் இங்க தனியா கிடக்க வேணாம். எங்க நிறுத்தணும்? சொல்லு, நீதானே பொறுப்பாளர்."

ஏழு வருடமாக வருகிற போகிறவர்களுக்கெல்லாம் எங்கே நிறுத்து, எப்படி நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தியவன். அன்றைக்கு டிரெய்லரை ஒட்டி நின்றுகொண்டு கையை மட்டும் ஆட்டினான், பக்கத்தில் வா, இன்னும் பக்கத்தில் வா என்று.