எட்டு எழுத்துக்குள் ஒரு முகம்

போன செவ்வாய்க்கிழமை காப்பாரிலிருந்து மணியம் வந்திருந்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு. லோரி ஓட்டுகிறவர். மூன்று வருஷத்துக்கு முன் அவர் மனைவி ராஜேஸ்வரி இறந்தபோது நினைவஞ்சலி அட்டை அடித்துக் கொடுத்தோம். அப்போது ஒரு வயதுக் கைக்குழந்தையாக இருந்த மகள் கவிதாவுக்கு இப்போது நான்கு வயது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுல தண்ணி ஏறிடுச்சு சார். கல்யாண ஆல்பம், சுவத்துல மாட்டியிருந்த படம்... எல்லாம் சேறாப் போச்சு. சரி, போனாப் போவுதுன்னு இருந்தேன். நீங்கதான் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னீங்களே?"

சொன்னேன்தான். "காகிதம்தான் அண்ணே அழியும், இது அழியாது" என்று பெருமையாகவே சொன்னேன். ஸ்கேனர் வந்த புதிது. கர்வம் யாரை விட்டது?

கம்ப்யூட்டரைத் திறந்தேன். படங்களை அடுக்கி வைக்க அதில் ஒரு சாஃப்ட்வேர். அதற்கென்று சட்டதிட்டங்கள். படத்துக்கு வைக்கும் பெயர் எட்டு ஆங்கில எழுத்தைத் தாண்டக் கூடாது. நடுவில் இடைவெளி கூடாது. சாய்கோடு கூடவே கூடாது — நம் ஆட்களின் பெயரில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதற்காக வரும் ஏ/எல், ஏ/பி எதற்கும் இடமில்லை. அப்பா பெயரை வெட்டிவிட்டு, மீதியை எட்டு எழுத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தேன்.

ராஜேஸ்வரிக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. கடைசி எழுத்தைச் சாஃப்ட்வேர் விழுங்கிவிட்டிருந்தது. மிச்சமிருந்த எட்டைத் தேடிப் பிடித்து அழுத்தினேன்.

திரையில் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல ஒரு முகம் இறங்கியது. நெற்றி. கண்கள். மூக்கு. அப்புறம்... மீசை.

"இது யாரு சார்?"

ராஜேஸ்வரன். கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தவர், போன வருஷம் காலமானார். அவர் பெயரிலும் முதல் எட்டு எழுத்து அதேதான்!

எனக்கு நினைவு வந்துவிட்டது. அவர் படத்தைச் சேமிக்கும்போது சாஃப்ட்வேர் கேட்டது — இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா? சாப்பாட்டு நேரம். நல்ல பசி. பாதிதான் படித்தேன். 'யெஸ்' அழுத்திவிட்டு எழுந்து போனேன்.

என் முகத்தைப் பார்த்தே முதலாளி புரிந்துகொண்டார். என்னை உள்ளே இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "வைரஸ்னு சொல்லிடு லா. யாரு வந்து பாக்கப் போறா?"

சொன்னேன். அப்படியே சொன்னேன். "அண்ணே, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து..."

மணியம் கோபப்படவில்லை. அந்த மீசைக்காரரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவளுக்கும் டாக்டர் அதத்தான் சார் சொன்னாரு. ஏதோ வைரஸாம்."



அவர் போன பிறகு அச்சகத்தையே புரட்டினேன். மாதிரிக்காக எடுத்து வைக்கும் அட்டைகளின் அடியில் ராஜேஸ்வரியின் அட்டை ஒன்று கிடைத்தது. கட்டை விரல் அளவில் முகம். அதை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு வைத்தேன். அச்சில் வந்த படம் அல்லவா? பெரிதாக்கப் பெரிதாக்க முகம் வெறும் புள்ளிகளாகப் பிரிந்தது. தள்ளி நின்று பார்த்தால்தான் கண், மூக்கு, சிரிப்பு.

போன் செய்து வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். கவிதா ஓடிப் போய் அதில் முகத்தை ஒட்டினாள். பிறகு திரும்பினாள்.

"அப்பா, கிட்ட போனா அம்மாவக் காணோம்."

பின்னோக்கியே நடந்து வந்தாள். "இப்ப இருக்காங்க." மறுபடி ஓடினாள். "இப்ப இல்ல." விளையாட்டு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நான்காவது தடவை ஓடப் போனவளை மணியம் தூக்கிக்கொண்டார்.

நேற்று போன் செய்தார். "படத்த நல்லா உசரமா மாட்டிட்டேன் சார். பிள்ளைக்கு எட்டாத மாதிரி. கீழேருந்து பாத்தா நல்லாத் தெரியுது. ரொம்ப நன்றி சார்."

நன்றியாம்... எனக்கு! இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

மெஷின் கூட அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கிறது. மனிதர்கள் நாம்தான் கேள்வியை முழுசாகப் படிப்பதில்லை. பசி, அவசரம், அடுத்த வேலை... தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியவரும்போது யாரோ ஒருவர் எதிரில் வந்து நிற்கிறார்.

மணியம், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர். அதைச் சொல்லித்தான் முதன்முதலில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

அண்ணே... வைரஸ் இல்லை. நான்தான்.