கீழ்வீட்டை விட்டுவிட்டேன்

2007-இல் பெரம்பலூரில், ஆறு வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் குடியிருந்தோம். இன்டர்நெட்டை வீட்டுக்கு வீடு தனியாக வாங்குவதா, ஒரே இணைப்பைப் பகிர்வதா என்று பேசி, பகிர்வதென்று முடிவாயிற்று. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒயர் இழுக்க வந்தவர், “கீழ்வூட்டுக்கு வேணாமா சார்?” என்று கேட்டார்.

அங்கிருந்த தம்பதிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது.

“அவங்களுக்கு எதுக்குங்க நெட்டு? அஞ்சு வூட்டுக்குப் போதும்” என்றேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மா வந்து ஒரு தாளை நீட்டினார். ‘சென்னையிலிருக்கும் மகள் கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருக்கிறாள். போனில் எங்களால் பேச முடியாது. இதில் அவள் கையால் பேசுவது தெரியுமாமே? எங்களுக்கும் இணைப்பு வேண்டும்.’

படித்ததும் கூசிப்போனேன். அதன் கீழேயே ‘மன்னிச்சிடுங்க’ என்று எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே ஆளை வரவழைத்து ஒயர் இழுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில் மகளின் படம் விட்டுவிட்டுத்தான் வந்தது. மகளின் கைகள் தெரிந்ததும் கணவர் இரண்டு கைகளாலும் படபடவென்று பேசத் தொடங்கினார். அந்த அம்மா அவர் கைகளைப் பிடித்து நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே தன் கைகளால் பேசினார்.

இப்போது எவ்வளவோ வேகமான இணைப்புகள் வந்துவிட்டன. எனக்கு அந்தத் திக்கித் திணறிய படம்தான் நினைவிருக்கிறது. அன்றுவரை அவர்களை அமைதியான மனிதர்கள் என்றே நினைத்திருந்தேன்.