ரெட் ஆக்சைடுக்கு அடியில்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் துணி சோதிக்கும் வேலை. வெளிச்சத்துக்கு நேரே துணியைப் பிடித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடுவேன். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். ஷிஃப்ட் முடிந்தாலும் அந்தப் புத்தி இறங்குவதில்லை. பால்காரரிலிருந்து மெக்கானிக் வரை எல்லார் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீடு. மொட்டை மாடிக்கு இரும்புப் படி வைக்க முடிவானபோது, தன் தம்பியிடம்தான் கொடுக்க வேண்டும் என்றாள் மனைவி. அவனுக்கு இராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை. அப்பா அம்மா போன பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். எனக்கோ, சொந்தக்காரனிடம் வேலை கொடுத்தால் வாய் திறந்து ஒன்றும் கேட்க முடியாதே என்ற கவலை.

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். படிக்கென்று வாங்கிப் போட்டிருந்த இரும்புச் சேனலும் ஆங்கிளும் துருவேறிக் கிடந்தன.

"பயப்படாதீங்க அத்தான். கம்பி பிரஷ் போட்டு அம்புட்டுத் துருவையும் எடுத்துட்டு, தின்னர் வச்சுத் துடைச்ச பொறவுதான், திரும்பத் துரு புடிக்காம ரெட் ஆக்சைடு அடிப்பேன்" என்றான்.

மறுநாள் நான் போவதற்குள் எல்லாவற்றுக்கும் அடித்து முடித்திருந்தான்.

"நான் வாரவரைக்கும் செத்த நேரம் பொறுக்கக் கூடாதா மாப்ளே?"

"சுத்தம் பண்ணின இரும்பைச் சும்மா போட்டா, பனியிலேயே திரும்பத் துரு பூத்திரும் அத்தான்."

பதில் தயாராக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. துருவும் சிவப்பு, ரெட் ஆக்சைடும் சிவப்பு. துருவின் மேலேயே அடித்திருந்தால் யார் கண்டது?

படியை எங்கள் வீட்டில் நிறுத்தி, சாம்பல் நிறப் பெயிண்டும் அடித்துவிட்டுப் போனான். மறுநாள் காலை மனைவி கோலம் போடப் போன நேரத்தில், படிக்கு அடியில் புகுந்து ஸ்கூட்டர் சாவியால் சுரண்டினேன். சாம்பல் போய், சிவப்பு போய், வெள்ளையாக இரும்பு மின்னியது. ஒரு இடத்தில் சுத்தமாக இருந்தால் ஆயிற்றா? அடுத்த படியில் சுரண்டினேன். பக்கத்துச் சேனலிலும் சுரண்டினேன். எங்குமே துரு இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு வாரத்தில் படியை ஒட்டிய சுவரில் பழுப்புத் தண்ணீர் வழிந்திருந்தது. எங்கிருந்து வழிகிறது என்று குனிந்துகூடப் பார்க்காமல் போனை எடுத்தேன்.

"கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கே ஏமாத்து வேலையா?" என்று கத்தினேன்.

பக்கத்தில் நின்ற மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. "இனிமே அவன் இந்த வாசப்படி மிதிப்பானா?" என்றாள்.

அன்றைக்கே வந்தான். படிக்கு அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உங்க வண்டிச் சாவியைக் குடுங்க அத்தான்" என்றான். அவன் பைக் வாசலில் நிற்க, என் வண்டி எதற்கு என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம். கொடுத்தேன்.

"அக்கா, இங்க வா" என்று கூப்பிட்டு, துருப்பிடித்த ஒரு கீறல் கோட்டில் சாவியின் முனையை வைத்தான். சரியாக உட்கார்ந்தது. அடுத்த கோட்டிலும் வைத்தான். "இந்தக் கோட்டுல மட்டுந்தான் துரு இருக்கு, பாரு."

அவள் சாவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூனிக்குறுகிப் போனேன். "தப்புதான் மாப்ளே" என்றேன்.

ஒவ்வொரு கோட்டையும் எமரித் தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, ரெட் ஆக்சைடு பூசினான். சேனலில் என் கண் மட்டத்தில் இருந்த ஒன்றை மட்டும் தொடவில்லை.

"இது இருக்கட்டும் அத்தான். மறுபடி சந்தேகம் வந்தா இதுலயே பாத்துக்கிடுங்க."

அக்கா நீட்டிய காப்பியைக்கூட வாங்காமல் கிளம்பினான். தீபாவளிக்கும் வரவில்லை.

அந்தக் கோடு இப்போது விரல் அகலத்துக்குப் பரவிவிட்டது. நானே பூசிவிடலாம் என்று பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் மனைவி விடுவதில்லை.

"வைங்க கீழே. அவன் வந்து பூசட்டும்" என்கிறாள்.